தோற்றுப்போன கட்சி, ஜெயித்த கோரிக்கைகள்

போன மாதம் எங்கள் வகுப்பில் செமினார். அமெரிக்க வரலாற்றுத் தாளில் எனக்கு விழுந்த தலைப்பு "பாப்புலிஸ்டுகளும் முற்போக்காளர்களும்". பாப்புலிசம் என்றால் டிவி விவாதங்களில் அடிபடும் அதே வார்த்தைதானே, தேர்தல் நேரத்தில் இலவசம் அறிவிப்பது, மேடையில் கைதட்டல் வாங்குவது, இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டுதான் நூலகத்துக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயருக்கு ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்று. கடனில் மூழ்கிய விவசாயிகள். அவர்கள் நடத்திய கட்சியின் பெயர் மக்கள் கட்சி. அதன் ஆட்களுக்கு வைத்த பெயர்தான் பாப்புலிஸ்ட்.

செமினார் ஓரளவு நன்றாகத்தான் போனது. முடிவில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நண்பன் கேட்டான்: "ஒரு தடவை கூட ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிக்காம காணாமப் போன கட்சியைப் பத்தி நாம எதுக்குடா படிக்கணும்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடன் கழுத்தை நெரித்த கதை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. போர்ச் செலவுக்காக அரசாங்கம் தங்கத்தின் பின்பலம் இல்லாமல் காகிதப் பணம் அச்சடித்திருந்தது. போர் முடிந்ததும் அதைச் சுருக்க ஆரம்பித்தார்கள். 1873-ல் வந்த நாணயச் சட்டம் வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்தியது. 1879 முதல் காகிதப் பணத்தைக் கொடுத்தால் தங்கம் தருவோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்கள்தொகையும் விளைச்சலும் ஏறிக்கொண்டே போக, புழங்கும் பணம் அதே வேகத்தில் ஏறவில்லை. பொருள் அதிகம், பணம் குறைவு. அப்போது என்ன ஆகும்? விலை விழும்.

விலை விழுந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். வாங்குபவருக்கு நல்லது. கடன் வாங்கியவருக்கு?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு விவசாயி 1,000 டாலர் கடன் வாங்கும்போது கோதுமை ஒரு புஷல் ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடன் 1,000 புஷல் கோதுமைக்குச் சமம். சில வருடத்தில் விலை அரை டாலராகிவிட்டால்? கடன் பத்திரத்தில் அதே 1,000 டாலர்தான். ஆனால் அடைக்க 2,000 புஷல் விளைவிக்க வேண்டும். வட்டி தனி. ஒரு பைசா கூடுதலாக வாங்காமலே கடன் இரண்டு மடங்காகிவிட்டது. இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 1870-களின் தொடக்கத்தில் பவுண்டு 10 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1894-ல் 5 சென்ட் வாக்கில் வந்து நின்றது.

தென் மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம். விதை, உரம், மளிகை எல்லாவற்றையும் ஊர்க் கடைக்காரரிடம் கடனாக வாங்க வேண்டும். அதற்கு ஈடாக இன்னும் முளைக்காத பயிரையே எழுதிக் கொடுக்க வேண்டும். கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை: ரொக்கத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி தீர்ந்திருக்காது. மறுவருடமும் அதே கடை. கந்துவட்டி பற்றிக் கேள்விப்பட்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் பருத்தி போட்டால்தான் கடன் என்பார், ஏனென்றால் அதை விற்பது சுலபம். எல்லோரும் பருத்தி போட விலை இன்னும் விழும்.

இதற்கு மேல் ரயில் கம்பெனிகள். பல ஊர்களுக்கு ஒரே ஒரு ரயில் பாதைதான். போட்டி இல்லாத இடத்தில் குறைந்த தூரத்துக்குக் கூட நீண்ட தூரத்தை விட அதிகக் கட்டணம் வாங்கினார்கள். விளைந்ததை விற்கவும் அவர்கள் தயவு வேண்டும்.

கிடங்கு என்ற யோசனை

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. 1867-ல் கிரேஞ்ச் என்ற அமைப்பு தொடங்கியது. பிறகு டெக்சாஸில் முளைத்த விவசாயிகள் கூட்டணி 1880-களில் தெற்கிலும் மேற்கிலும் பரவியது. சேர்ந்து வாங்குவது, சேர்ந்து விற்பது என்று கூட்டுறவு முயற்சிகள் நடந்தன. பணம் இல்லாமல் பெரும்பாலானவை படுத்துவிட்டன.

அப்போது 1889-ல் சார்லஸ் மக்யூன் என்பவர் முன்வைத்த திட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால்தான் விலை விழுகிறது. அதனால் அரசாங்கமே கிடங்கு கட்டட்டும். விவசாயி விளைச்சலை அங்கே வைத்துவிட்டு, அதன் சந்தை மதிப்பில் 80 சதவீதம் வரை கடன் வாங்கிக்கொள்ளட்டும். வட்டி வருடத்துக்கு 1 சதவீதம். நல்ல விலை வரும்போது விற்றுக் கடனை அடைக்கட்டும். ஒரே திட்டத்தில் கடைக்காரர் பிடியும் போகும், பணப் புழக்கமும் கூடும்.

அன்றைய செய்தித்தாள்கள் இதைக் கிறுக்குத்தனம் என்றன. இரண்டு பெரிய கட்சிகளும் காது கொடுக்கவில்லை. அதனால் விவசாயிகள் தாங்களே கட்சி கட்டினார்கள்.

1892 ஜூலை 4, நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரம். மக்கள் கட்சி தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அதில் இருந்தவற்றைப் பாருங்கள்: வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வருமான வரி, அஞ்சலகச் சேமிப்பு வங்கி, கிடங்குத் திட்டம், ரயிலும் தந்தியும் தொலைபேசியும் அரசுடைமை, வெள்ளி நாணயம். கூடவே இணைத்த தீர்மானங்களில் ரகசிய வாக்குச்சீட்டு, செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, மக்களே மனுப் போட்டுச் சட்டம் கொண்டுவரும் உரிமை, பொது வாக்கெடுப்பு.

ஜனாதிபதி வேட்பாளர் ஜேம்ஸ் வீவர், போரில் வடக்குப் படையில் ஜெனரலாக இருந்தவர். துணை ஜனாதிபதி வேட்பாளர் ஜேம்ஸ் ஃபீல்ட், தெற்குப் படையில் போரிட்டுக் காலை இழந்தவர். எதிரெதிராகச் சுட்டுக்கொண்டவர்கள் ஒரே சீட்டில் நின்றார்கள். 10 லட்சத்துக்கு மேல் ஓட்டு, 22 தேர்வாளர் வாக்குகள். புதுக் கட்சிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிறகு எப்படித் தோற்றார்கள்?

1893-ல் பெரும் பொருளாதார நெருக்கடி. வங்கிகள் மூடின, வேலை போனது. 1894-ல் ஒஹையோவைச் சேர்ந்த ஜேக்கப் காக்ஸி வேலையில்லாதவர்களைத் திரட்டிக்கொண்டு வாஷிங்டனுக்கு நடந்தார். அரசாங்கம் காகிதப் பணம் அச்சடித்து, சாலை போடும் வேலை கொடு என்பதுதான் கோரிக்கை. நாடாளுமன்ற வளாகத்தில் பேச முயன்றவரைக் கைது செய்தார்கள். என்ன குற்றம் தெரியுமா? புல்தரையில் நடந்தது! (இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.)

அதே 1894-ல் நாடாளுமன்றம் 4,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீத வரி போட்டது. மறுவருடமே உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

1896-ல் ஜனநாயகக் கட்சி மக்கள் கட்சியின் கோரிக்கைகளில் ஒன்றை, அதாவது வெள்ளி நாணயத்தை, முன்னால் எடுத்துக்கொண்டது. வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், வயது 36, பேச்சில் புலி. மக்கள் கட்சி தர்மசங்கடத்தில் மாட்டியது. தனியாக நின்றால் வெள்ளி ஓட்டு பிரியும். பிரையனை ஆதரித்தால் தங்கள் கட்சி எதற்கு? கடைசியில் பிரையனையே தங்கள் வேட்பாளராகவும் அறிவித்தார்கள். துணைக்கு மட்டும் தங்கள் ஆளான ஜார்ஜியாவின் டாம் வாட்சனை நிறுத்தினார்கள். பிரையன் சுமார் 18,000 மைல் சுற்றிப் பேசினார். எதிரில் மெக்கின்லி வீட்டு வாசலை விட்டு நகரவில்லை, ஆனால் அவருக்குப் பின்னால் பெரும் பணம் இருந்தது. 271-க்கு 176. பிரையன் தோற்றார். கிடங்குத் திட்டம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மக்கள் கட்சி பெயருக்கு இன்னும் சில வருடம் இருந்து மறைந்தது.

நண்பன் கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் கதை இங்கே நிற்கவில்லை.

கோட்டுப் போட்ட பாப்புலிஸ்டுகள்

1900-க்குப் பிறகு வேறு ஒரு கூட்டம் சீர்திருத்தம் பேச ஆரம்பித்தது. இவர்கள் புழுதிக் கால் விவசாயிகள் இல்லை. வக்கீல், பேராசிரியர், பத்திரிகையாளர், டாக்டர், சமூக சேவை செய்த படித்த பெண்கள். பெரும்பாலும் நகரத்து நடுத்தர வர்க்கம். இவர்களுக்குப் பெயர் முற்போக்காளர்கள்.

ஐடா டார்பெல் 1902 முதல் 1904 வரை ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி எப்படிப் போட்டியாளர்களை நசுக்கியது என்று பத்திரிகையில் தொடராக எழுதினார். 1911-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியைப் பல துண்டுகளாக உடைக்க உத்தரவிட்டது. அப்டன் சின்க்ளேர் சிகாகோ இறைச்சிக் கூடத் தொழிலாளர்களின் அவலத்தை நாவலாக எழுதினார். படித்தவர்கள் தொழிலாளியைப் பற்றிக் கவலைப்பட்டதை விடத் தங்கள் தட்டில் விழும் கறியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். எப்படியோ, 1906-ல் உணவு, மருந்துக் கலப்படத் தடைச் சட்டமும் இறைச்சி ஆய்வுச் சட்டமும் வந்தன. 1911 மார்ச் 25-ல் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் சட்டைக் கம்பெனி தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அதன் பிறகுதான் அங்கே தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வேகம் பிடித்தன.

இப்போது ஒமாஹா அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மக்களே சட்டம் கொண்டுவரும் உரிமை: 1898-ல் தெற்கு டகோட்டா, 1902-ல் ஓரிகன், பிறகு பல மாநிலங்கள்.
அஞ்சலகச் சேமிப்பு வங்கி: 1910-ல் சட்டமானது.
வருமான வரி: 1913, அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம்.
செனட்டுக்கு நேரடித் தேர்தல்: அதே 1913, 17-வது திருத்தம்.
விளைச்சலை ஈடாக வைத்துக் கடன்: 1916-ல் கிடங்குச் சட்டம், விவசாயக் கடன் சட்டம் என்று அரைகுறையாக வந்து, 1933-ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் அரசே விளைபொருளின் பேரில் கடன் கொடுக்கும் அமைப்பாக முழுமை பெற்றது. மக்யூன் யோசனையைக் கிறுக்குத்தனம் என்றவர்களுக்கு 44 வருடம் கழித்துக் கிடைத்த பதில்!

17-வது திருத்தம் அமலுக்கு வந்துவிட்டது என்று 1913 மே மாதம் சான்று கொடுத்தவர் அப்போதைய வெளியுறவு அமைச்சர். அவர் யார்? 1896-ல் தோற்ற அதே பிரையன்.

இன்னொரு வேடிக்கை. 1896-ல் கன்ஸாஸ் பாப்புலிஸ்டுகளை நார் நாராகக் கிழித்துத் தலையங்கம் எழுதி நாடு முழுக்கப் பிரபலமானவர் வில்லியம் ஆலன் வைட் என்ற பத்திரிகை ஆசிரியர். 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய முற்போக்குக் கட்சியில் அவரே முன்வரிசையில் நின்றார். பாப்புலிஸ்டுகள் குளித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் துணியை நாங்கள் எடுத்துப் போட்டுக்கொண்டோம் என்ற பொருளில் பின்னால் அவரே கேலியாகச் சொன்னார்.

செமினாரில் நான் இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் நண்பனுக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும். "கட்சி தோத்துச்சு, கோரிக்கை ஜெயிச்சுதுடா!" கைதட்டல் கூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் மேலே படிக்கப் படிக்க அது பாதிக் கதைதான் என்று தெரிந்தது.

பட்டியலில் ஏறியது எது, இறங்கியது யார்?

தெற்கின் விவசாயிகள் கூட்டணியில் கறுப்பர்களுக்கு இடம் இல்லை. அதனால் 1886-ல் டெக்சாஸில் கறுப்பின விவசாயிகள் தனியாக ஒரு கூட்டணி தொடங்கினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். இவர்களில் பெரும்பாலானோருக்குச் சொந்த நிலம் கிடையாது. பங்குக்குப் பயிரிடுபவர்கள், கூலிக்குப் பருத்தி எடுப்பவர்கள்.

1891-ல் இந்தக் கூட்டணி, 100 பவுண்டு பருத்தி எடுக்க ஒரு டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. அப்போது கிடைத்தது 50 சென்ட் வாக்கில். வெள்ளையர் கூட்டணியின் தலைவர் லியோனிடாஸ் போக் என்ன சொன்னார் தெரியுமா? 50 சென்ட்டுக்கு மேல் கொடுப்பதை விடப் பருத்தி வயலிலேயே கிடக்கட்டும் என்றார். விலை விழுகிறது, வங்கி சுரண்டுகிறது என்று மேடையேறியவர்களே இங்கே கூலி கொடுக்கும் முதலாளிகள்.

பல இடங்களில் வேலைநிறுத்தம் தொடங்கவே இல்லை. ஆர்க்கன்சாவின் லீ கவுண்டியில் மட்டும் பென் பேட்டர்சன் என்ற இளைஞர் தலைமையில் நடந்தது. சுமார் 15 கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள், பேட்டர்சன் உள்பட. சிலரைக் காவலில் இருந்து பிடுங்கித் தூக்கில் போட்டார்கள்.

இதற்காக வெள்ளைப் பாப்புலிஸ்டுகள் எல்லோரும் ஒரே மாதிரி என்று சொல்ல மாட்டேன். டாம் வாட்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறத்து ஏழைகளையும் பிரித்து வைப்பதே தனித்தனியாகக் கொள்ளையடிப்பதற்குத்தான் என்று 1892-ல் எழுதியவர் அவர். அவருக்காகப் பிரசாரம் செய்த கறுப்பினப் பாதிரியார் ஹெச்.எஸ். டாய்லைக் கும்பல் கொல்லத் தேடியபோது, தன் இடத்தில் அடைக்கலம் கொடுத்தார். சுற்றுவட்டார வெள்ளை விவசாயிகள் துப்பாக்கியோடு வந்து காவல் நின்றார்கள். 1890-களின் ஜார்ஜியாவில் இது நம்ப முடியாத காட்சி. இதைப் படித்த இரவு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் அடுத்த அத்தியாயம் வரைதான். தோல்விக்குப் பிறகு வாட்சன் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். கறுப்பர்களின் ஓட்டைப் பறித்துவிட்டால் வெள்ளை ஏழைகள் பயமில்லாமல் பிரிந்து ஓட்டுப் போடலாம் என்று வாதாடினார். கத்தோலிக்கர்கள் மீதும் யூதர்கள் மீதும் வெறுப்பைக் கக்கிப் பத்திரிகை நடத்தினார். 1915-ல் லியோ ஃபிராங்க் என்ற யூத இளைஞரைக் கும்பல் தூக்கில் போட்டதற்குப் பின்னால் அவர் எழுத்தின் தூண்டுதல் இருந்தது. 1920-ல் செனட் தேர்தலில் ஜெயித்தார். எந்தத் தேர்தல்? மக்களே நேரடியாக ஓட்டுப்போடும், பாப்புலிஸ்டுகள் கேட்டு வாங்கிய அதே தேர்தல்.

வட கரோலினாவில் பாப்புலிஸ்டுகளும் குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து 1894-ல் சட்டமன்றத்தைக் கைப்பற்றியிருந்தார்கள். கறுப்பர்களும் பதவிகளுக்கு வந்தார்கள். 1898 நவம்பர் 10-ல் வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியையே கவிழ்த்தது. கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்கள் பத்திரிகை அலுவலகம் எரிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில் எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் சட்டமாகின. லூசியானாவில் 1896-ல் சுமார் 1,30,000 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904-ல் சுமார் 1,300. தட்டச்சுப் பிழை இல்லை, நூறில் ஒன்றாகிவிட்டது.

ஒரே கருவி, இரண்டு வேலை

இதில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது எது என்றால், பறிப்பதற்குப் பயன்பட்ட கருவிகள். எல்லாம் சீர்திருத்தப் பட்டியலில் இருந்தவையே.

ரகசிய வாக்குச்சீட்டு நல்லதுதானே? நல்லதுதான். மிரட்டலைத் தடுக்கும். ஆனால் 1891-ல் ஆர்க்கன்சா அதைக் கொண்டுவந்தபோது, சீட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது பூட்டிய கதவு. அடிமைக் காலத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே பல மாநிலங்களில் குற்றமாக இருந்த மக்களுக்கு அந்தப் பூட்டு யாருக்காக என்று சொல்ல வேண்டுமா?

கட்சி வேட்பாளரைத் தலைவர்கள் பேசி முடிக்காமல் மக்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தல், விஸ்கான்சினில் லா ஃபாலெட் போராடிக் கொண்டுவந்த பெருமைக்குரிய சீர்திருத்தம். தெற்கில் அதே பிரைமரியில் "வெள்ளையர் மட்டும்" என்று விதி போட்டார்கள். அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளர்தான் ஜெயிப்பார் என்பதால் உண்மையான தேர்தலே அதுதான். 1944 வரை உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கவில்லை.

மக்களே மனுப் போட்டுச் சட்டம் கொண்டுவரும் உரிமை? 1910-ல் ஓக்லஹோமாவில் அந்த வழியில்தான் எழுத்தறிவுத் தேர்வு வந்தது. 1866-ல் ஓட்டுரிமை பெற்றிருந்தவர்களின் வாரிசுகளுக்கு மட்டும் தேர்விலிருந்து விலக்கு. அந்த வருடம் எந்தக் கறுப்பருடைய தாத்தாவுக்கு ஓட்டு இருந்தது? 1915-ல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது.

மேலே இருந்த முற்போக்குத் தலைவர்களும் வேறு மாதிரி இல்லை. 1912-ல் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி மாநாட்டில் தென் மாநிலக் கறுப்பினப் பிரதிநிதிகளை உள்ளே விடவில்லை. 1913-ல் வில்சன் ஆட்சியில், அதாவது வருமான வரியும் செனட் திருத்தமும் வந்த அதே வருடத்தில், மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். அதே வருடம் மார்ச் மாதம் வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமைக்காக நடந்த ஊர்வலத்தில், ஐடா வெல்ஸைக் கறுப்பினப் பெண்களோடு பின்னால் நடக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பாதி வழியில் தன் இல்லினாய் மாநிலக் குழுவில் போய்ச் சேர்ந்து நடந்தார்.

திரும்பவும் ஆர்க்கன்சா

லீ கவுண்டிக்குத் தெற்கே ஒட்டியிருப்பது ஃபிலிப்ஸ் கவுண்டி. 1919-ல் அங்கே எலைன் என்ற ஊரைச் சுற்றியிருந்த கறுப்பினப் பங்கு விவசாயிகள், பருத்திக்கு நியாயமான கணக்குக் கேட்டுச் சங்கம் அமைத்தார்கள். சங்கத்தின் பெயரிலேயே "முற்போக்கு விவசாயிகள்" என்று இருந்தது. செப்டம்பர் 30 இரவு அவர்கள் கூட்டம் நடத்திய தேவாலயத்தில் துப்பாக்கிச் சூடு. அடுத்த நாட்களில் நடந்த படுகொலையில் இறந்த கறுப்பர்கள் நூற்றுக்கும் மேல் என்று பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வழக்கு யார் மீது? கறுப்பர்கள் மீது. 12 பேருக்கு மரண தண்டனை. 1923-ல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையின் லட்சணத்தைக் கேள்வி கேட்ட பிறகுதான் படிப்படியாக எல்லோரும் வெளியே வந்தார்கள்.

1933-ல் புதிய விவசாயச் சட்டம் வந்தது. சாகுபடியைக் குறைத்தால் அரசு பணம் கொடுக்கும். பணம் நில உரிமையாளர் கைக்குப் போனது. நிலம் சும்மா கிடக்கப் பணம் வருகிறது என்றால் பங்கு விவசாயி எதற்கு? ஆயிரக்கணக்கில் வெளியே தள்ளினார்கள். 1934-ல் ஆர்க்கன்சாவின் டைரோன்சாவில் தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம் பிறந்தது. தொடங்கியவர்கள் 11 வெள்ளையர், 7 கறுப்பர். தனித்தனிச் சங்கம் வைப்போமா, ஒன்றாக வைப்போமா என்ற கேள்வி வந்தபோது, ஒன்றாகவே என்று முடிவு செய்தார்கள். 1891-ல் போக் கொடுத்த பதிலுக்கு மாற்றுப் பதில் அதே மாநிலத்திலிருந்து வர 43 வருடம் ஆனது.

நண்பனுக்குப் பதில்

காக்ஸியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1894 மே 1-ல் புல்தரையில் நடந்ததற்காகக் கைதானவர். சரியாக 50 வருடம் கழித்து, 1944 மே 1-ல், 90 வயதில், அதே நாடாளுமன்றப் படிகளில் நின்று அன்றைக்குப் பேச முடியாத பேச்சை முறையான அனுமதியோடு பேசினார். அதற்குள் அரசு பணம் கொடுத்துச் சாலை போட வைப்பது சாதாரண விஷயமாகிவிட்டது.

பென் பேட்டர்சனுக்கு அந்த 50 வருடம் கிடைக்கவில்லை. அவர் கேட்டது 50 சென்ட் கூடுதல் கூலி மட்டும்.

அதனால் என் பதில் இதுதான் நண்பா. தோற்ற கட்சியைப் பற்றி ஏன் படிக்கிறோம் என்றால், ஒரு கட்சி தோற்பதும் அதன் கோரிக்கை தோற்பதும் ஒன்றில்லை என்று தெரிந்துகொள்ள. இது முதல் பாதி. ஒரு கோரிக்கை ஜெயிப்பதும் அதைக் கேட்ட எல்லோரும் ஜெயிப்பதும் ஒன்றில்லை என்று தெரிந்துகொள்ள. இது இரண்டாம் பாதி. 1913-ல் நிறைவேறியவற்றை எண்ணினால் அது மாபெரும் வெற்றி. அந்த வருடம் ஓட்டுப் போட முடிந்தவர்களை எண்ணினால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. சீர்திருத்தம் என்று எதைப் பார்த்தாலும் இனி இரண்டு பட்டியலையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைத்தது.

செமினாரில் இதைச் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சு கொஞ்சமாவது அமைதியாக இருந்திருக்கும். என்ன செய்வது, நல்ல பதில் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றுகிறது :-)